ஹார்மோனே போடாத குழியிலயும் வெளிச்சம் வருது: மாறிப்போன ஈஸ்ட்ரஜன் ரிசெப்டர்ல மூலிகைச் சாறு டெஸ்ட் பண்றது எப்படி?

சுங்கைடுவா_மாணவி எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். நான் பினாங்குல மாஸ்டர்ஸ் பண்றேன், ரெண்டாவது வருஷம். என் வேலை காச்சிப் ஃபாத்திமா சாறு ஈஸ்ட்ரஜன் ரிசெப்டர் மேல, அதாவது பெண் ஹார்மோன் வந்து ஒட்டுனா ஜீனை ஓட்டுற புரோட்டீன் மேல, என்ன பண்ணுதுன்னு பாக்குறது. இங்க பிள்ள பெத்தவங்களுக்கு மலாய்க்காரக் குடும்பங்கள்ல காலங்காலமா குடுக்குற செடிதான், இப்ப நம்ம வீடுகள்லயும் கோப்பிப் பாக்கெட்டா வந்துருச்சு, அதனால இதுல உண்மையா என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

செய்முறை இதான்: தட்டுல இருக்குற சின்னச் சின்னக் குழியில ஹெக் 293ங்கிற மனுஷ செல்லை வளத்து, அதுல ஈஸ்ட்ரஜன் ரிசெப்டர் ஆல்ஃபா பிளாஸ்மிட் (டிஎன்ஏ வளையம்) ஒண்ணு, ரிசெப்டர் வேலை செஞ்சா லூசிஃபெரேஸ்ங்கிற வெளிச்சம் குடுக்குற என்சைம உண்டாக்குற ரிப்போர்ட்டர் ஒண்ணு, கூடவே ஒப்பிட்டு வகுக்க ரெனில்லான்னு இன்னொரு வெளிச்ச என்சைம், மூணையும் உள்ள ஏத்தி, மறுநாள் சாறு போட்டு, அதுக்கு மறுநாள் வெளிச்சத்தை அளக்குறேன். சாறு 1, 5, 10, 50 மைக்ரோகிராம், ஒரு மில்லிக்கு. சாதாரண ரிசெப்டர்ல டோஸ் ஏற ஏற வெளிச்சமும் அழகா ஏறுது, 50ல சும்மா குபீர்னு போகுது. சூப்பர்வைசர் பாத்துட்டு, மார்பகப் புற்று பேஷண்டுங்களுக்கு வர்ற மாறிப்போன ரிசெப்டர்லயும் பண்ணிப் பாருன்னு ஒய்537எஸ் பிளாஸ்மிட் குடுத்தாங்க. அதுல போட்டா டிஎம்எஸ்ஓ (சாறைக் கரைக்கிற திரவம்) மட்டும் போட்ட குழி கூட பளிச்சுனு இருக்கு, நார்மல் ரிசெப்டருக்கு ஈஸ்ட்ரடயோல்ங்கிற ஈஸ்ட்ரஜன் 10 நானோமோலார் போட்டா வர்ற வெளிச்சத்துல பாதிக்கு மேல ஹார்மோனே இல்லாம வருது. சாறு போட்டா பெருசா ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல.

செல் வளர்ற மீடியம், ஈஸ்ட்ரஜன் மாதிரி நடிக்கிற ஃபீனால் ரெட் சாயம் இல்லாததுதான், சீரமும் கரி போட்டு ஹார்மோன் எடுத்ததுதான், அதனால எங்கயாவது ஈஸ்ட்ரஜன் கலந்துருச்சான்னு மூணு தடவ புதுசா மீடியம் கலக்கிப் பாத்துட்டேன், அதே கதை. அடுத்த மாசம் செமினார். நான் என்ன தப்பு பண்றேன்? இல்ல, "இந்தச் சாறு நார்மல் ரிசெப்டரைத் தூண்டுது, மாறுனத ஒண்ணும் பண்ணல"ன்னு அப்படியே எழுதிரலாமா?

---

செந்தூல்_செல்காரன்:

தங்கச்சி, முதல்ல மனசை விடாத, பிளேட்ல தப்பு இல்ல. ஒய்537எஸ் குணமே அதுதான். நீ மூணு தடவ மீடியம் மாத்தியும் வெளிச்சம் போகலன்னா அது கலப்படம் இல்ல, ரிசெப்டர் தானாவே முழிச்சிக்கிட்டு இருக்கு.

இது ஏன்னு புரிஞ்சுட்டா மத்ததெல்லாம் லேசாயிரும். ரிசெப்டரோட ஹார்மோன் உக்காரும் குழியை ஒரு சட்டின்னு வச்சுக்க, அதுக்கு மூடி மாதிரி ஒரு துண்டு இருக்கு, 12ஆவது ஹீலிக்ஸ்னு சொல்றது. ஈஸ்ட்ரடயோல் உள்ள போய் உக்காந்தா மூடி சரியா வந்து மூடிக்கும், மூடுன மூடி மேலதான் மத்த புரோட்டீன் வந்து ஒட்டி ஜீனை ஓட்டும். டமாக்ஸிஃபென்னு மார்பகப் புற்று மாத்திரை இருக்குல்ல, அது சட்டிக்குள்ள போகும், ஆனா அதுக்கு ஒரு நீட்டுக் கை இருக்கு, அகப்பையை உள்ள வச்சுட்டு மூடுனா காம்பு இடிச்சு மூடி தூக்கிக்கிட்டு நிக்கும்ல, அப்படி நிக்கும். இப்ப ஒய்537எஸ்ல என்ன ஆகுதுன்னா, 537ஆவது இடத்துல இருந்த டைரோசின் போய் செரின் வந்துருது, அந்த செரின் 351ல இருக்குற அஸ்பார்ட்டேட்டோட கை கோத்துக்குது, அதனால சட்டி காலியா இருந்தாலும் மூடி மூடுன மாதிரியே இருக்கு. பக்கத்து 538ல வர்ற டி538ஜியும் இதே வேலையத்தான் பண்ணும், கொஞ்சம் கம்மியா.

அதனால ஏற்கனவே எரியுற விளக்குல "இந்தச் சாறு விளக்கைப் போடுதா"ன்னு கேட்டா பதில் வராது. "அணைக்குதா"ன்னுதான் கேக்கணும். ஒய்537எஸ் பிளேட்ல ஃபுல்வெஸ்ட்ரண்ட், அதாவது ரிசெப்டரை அணைக்கிற மருந்து, ஒரு கன்ட்ரோலா கட்டாயம் வை. நார்மலுக்குப் போடுற அளவு பத்தாது, மாறுன ரிசெப்டருக்கு ஃபுல்வெஸ்ட்ரண்ட் கூடுதலா வேணும், 1 மைக்ரோமோலார் வரைக்கும் ஒரு டோஸ் வரிசை போடு. அதுல வெளிச்சம் இறங்குனாத்தான் உன் பிளேட் அணைக்கிறதக் காட்டத் தெரிஞ்ச பிளேட். அது இல்லாம "ஒண்ணும் பண்ணல"ன்னு எழுதக்கூடாது.

---

ஜெலுத்தோங்_அண்ணன்:

செந்தூல் தம்பி சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆனா எனக்கு மாறுன ரிசெப்டரை விட உன் நார்மல் ரிசெப்டர் கிராஃப்தான் கவலையா இருக்கு மா. 50 மைக்ரோகிராம்ல குபீர்னு போகுதுன்னு எழுதியிருக்க பாரு, அந்த வரியப் படிச்சதும் என் பழைய நோட்புக் ஞாபகம் வந்துருச்சு.

ஃபயர்ஃபிளை லூசிஃபெரேஸ் ஒரு என்சைம். செடிச் சாறுல இருக்குற பாலிஃபீனால் பலது நேரா போய் அந்த என்சைம்லயே ஒட்டும். ரெஸ்வெராட்ரோல் அதைத் தடுக்கும்னு நல்லாவே தெரியும், சோயால இருக்குற ஜெனிஸ்டீனும் டோஸ் ஏத்துனா வேலையைக் காட்டும். வேடிக்கை என்னன்னா தடுக்குற பொருள் வெளிச்சத்தைக் குறைக்கணும்னுதான நினைப்போம், செல்லுக்குள்ள தலைகீழா நடக்கும், என்சைம்ல ஒட்டுனது அது சிதையாம காப்பாத்திரும், ஒரு நாள் முழுக்க என்சைம் சேந்துக்கிட்டே போகும், நாம செல்லை உடைச்சு ரீஏஜன்ட் ஊத்துறப்ப அந்தப் பொருள் நீர்த்துப் போயிரும், சேந்த என்சைம் எல்லாம் ஒரே நேரத்துல எரியும். பாக்குறவங்களுக்கு ஈஸ்ட்ரடயோலையே மிஞ்சுன மருந்து மாதிரி தெரியும். ரெனில்லா வேற என்சைம், அதனால ரெனில்லாவால வகுத்தாலும் இது தப்பிச்சிரும்.

கண்டுபிடிக்க வழி சுலபம். ஒவ்வொரு டோஸ் சாறுக்கும் ஒரு ஜோடி குழி வை, ஒண்ணுல சாறு மட்டும், இன்னொண்ணுல சாறும் ஃபுல்வெஸ்ட்ரண்டும். வெளிச்சம் ரிசெப்டர் வழியா வந்திருந்தா ஃபுல்வெஸ்ட்ரண்ட் அதைத் தரைமட்டம் ஆக்கணும். ஆகலன்னா அது ரிசெப்டர் பேச்சு இல்ல, என்சைம் பேச்சு. இன்னொண்ணு, ரிசெப்டர் பிளாஸ்மிட் இல்லாத ஹெக் செல்லுலயும் சாறு போட்டுப் பாரு, அதுல வெளிச்சம் வந்தா கதை முடிஞ்சுது.

அடுத்தது குழாய். சாறு எதுல இறக்குற? பிளாஸ்டிக் குழாயில ஆல்கஹால் ஊத்தி ராத்திரி பூரா வச்சிருந்தா தயவு செஞ்சு நிறுத்து. 1991ல பாஸ்டன் டஃப்ட்ஸ்ல சோட்டோவும் சொனன்ஷைனும் எழுதுனதப் படி. அவங்க எம்சிஎஃப்-7ங்கிற மார்பகப் புற்று செல் ஹார்மோன் இல்லாம வளர ஆரம்பிச்சுது, மாசக்கணக்கா தேடி கடைசில பாத்தா சீரம் வச்சிருந்த பாலிஸ்டைரீன் குழாயில இருந்து நோனைல்ஃபீனால்ங்கிற ஈஸ்ட்ரஜன் மாதிரி நடக்குற கெமிக்கல் இறங்கியிருக்கு. 1993ல ஸ்டான்ஃபோர்டுல இன்னொரு குழு ஈஸ்ட்ல ஈஸ்ட்ரஜன் கண்டுபிடிச்சிட்டோம்னு இருந்துட்டு, ஆட்டோகிளேவ் பண்ணுன பாலிகார்பனேட் ஃபிளாஸ்க்ல இருந்து அதே மாதிரி நடக்குற பிஸ்ஃபீனால் ஏ வந்ததைக் கண்டுபிடிச்சாங்க. ரெண்டு குழுவும் சந்தேகப்பட்டு நின்னதாலதான் நமக்கு இன்னிக்கு பிளாஸ்டிக் பத்தித் தெரியும். நானும் முன்ன ஒரு இடத்துல வேலை பாத்தப்ப ஒரு வேர்ச் சாறு சூப்பரா வேலை செய்யுதுன்னு ரெண்டு மாசம் அது பின்னாடியே போனேன், வெறும் எத்தனாலை அதே குழாயில வச்சு ஊத்துனா அதுவும் பாதி வெளிச்சம் குடுத்துச்சு. அந்த ரெண்டு மாசத்த நினைச்சா இன்னும் வயிறு எரியுது, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

சாறு எங்க இருந்து எடுத்த? பவுடர் கடையில வாங்குனதா, செடியா?

---

சுங்கைடுவா_மாணவி:

அண்ணே, 15 மில்லி பிளாஸ்டிக் குழாயிலதான் எத்தனால் ஊத்தி ராத்திரி பூரா ஷேக்கர்ல வச்சேன். படிச்சதும் பகீர்னு ஆயிருச்சு. வெறும் எத்தனால் கன்ட்ரோல் வைக்கவே இல்ல, டிஎம்எஸ்ஓ மட்டும்தான் வச்சேன். நாளைக்கே வைக்கிறேன்.

செடி ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு கேம்பஸ் ஹெர்பேரியத்துல அடையாளம் பாத்து நம்பர் வாங்குனது, அலாத்தா வகை. இன்னொண்ணு சௌராஸ்தா மார்க்கெட் பக்கம் ஒரு கடையில வாங்குன பவுடர். கிராஃப்ல இருக்குறது முதல்ல சொன்னது.

---

பட்டர்வொர்த்_மகன்:

மன்னிக்கணும், நான் படிச்சவன் இல்ல, ஃபேக்டரியில டெக்னீஷியன். ஒய்537எஸ்னு தேடித்தான் இங்க வந்தேன். அம்மாவுக்கு ஆறு வருஷம் முன்ன மார்புல கட்டி எடுத்தாங்க, அப்புறம் லெட்ரோசோல் மாத்திரை சாப்டாங்க, நல்லாத்தான் இருந்தாங்க, போன தீபாவளிக்கு முதுகு வலின்னு போனா எலும்புல பரவியிருக்குன்னு சொல்லிட்டாங்க. இப்ப ரத்தத்துல எடுத்த டெஸ்ட் ரிப்போர்ட்ல ஈஎஸ்ஆர்1 ஒய்537எஸ்னு போட்டிருக்கு. டாக்டர் ஒரு நிமிஷம் சொன்னாரு, அம்மா முன்னாடி எனக்கு எதுவும் கேக்க வாய் வரல.

என் சின்னம்மா மாசாமாசம் காச்சிப் ஃபாத்திமா கோப்பி வாங்கிக் குடுக்குறாங்க, உடம்புக்குத் தெம்புன்னு. அம்மாவும் விரும்பிக் குடிக்கிறாங்க, காலையில பசியாறும்போது அதுதான். இந்தத் தங்கச்சி எழுதுனதப் பாத்தா மாறுன ரிசெப்டரை அந்தச் சாறு ஒண்ணும் பண்ணலன்னு இருக்கு. அப்ப அம்மா குடிக்கலாம்னு எடுத்துக்கலாமா? இந்த மியூட்டேஷன் எனக்கும் தங்கச்சிக்கும் வருமா?

---

மருந்தக_அக்கா:

தம்பி, படிச்சவன் இல்லன்னு எல்லாம் சொல்லாதீங்க, நீங்க கேட்டதுதான் இந்தத் திரியிலயே முக்கியமான கேள்வி. நான் ஒரு ஆஸ்பத்திரில கேன்சர் வார்டு மருந்தைப் பாக்குறவ.

கடைசிக் கேள்விக்கு முதல்ல. இது அம்மா பிறக்கும்போது இருந்த மாற்றம் இல்ல. ஈஎஸ்ஆர்1ங்கிறது ஈஸ்ட்ரஜன் ரிசெப்டரோட ஜீன், ரத்தத்துல கிடைச்சாலும் அது கட்டியில இருந்து சிதறி வந்த டிஎன்ஏ. உங்களுக்கோ தங்கச்சிக்கோ இது வம்சமா வராது. குடும்பத்துல வர்ற மார்பகப் புற்றுக்கு பிஆர்சிஏன்னு வேற ஜீன், அதை டாக்டர்கிட்ட தனியா கேளுங்க.

ஏன் வந்துச்சுன்னா, லெட்ரோசோல் உடம்புல ஈஸ்ட்ரஜன் உண்டாகுறதையே நிறுத்தும். கட்டி செல்லுக்குத் தீனி நின்னு போகுது. லட்சக்கணக்கான செல்லுல எங்கயோ ஒண்ணுல மூடி தானா மூடிக்கிட்டா அது மட்டும் பட்டினியில சாகாம பெருகும். முதல் கட்டியில இது ரொம்ப அபூர்வம், ஆனா இந்த வகை மாத்திரை சாப்பிட்டு அப்புறம் பரவுனவங்கள்ல சுமார் 20லேருந்து 40 சதவீதம் பேர்கிட்ட ஈஎஸ்ஆர்1 மாற்றம் பாக்குறாங்க. அம்மா மாத்திரையை ஒழுங்கா சாப்பிடலன்னோ நீங்க சரியா பாத்துக்கலன்னோ இதுக்கு அர்த்தம் இல்ல. இத மனசுல போட்டுக்காதீங்க.

இதுக்குன்னே மருந்து வந்திருக்கு. எலாசெஸ்ட்ரண்ட்னு வாய்வழி மாத்திரை, ஈஎஸ்ஆர்1 மாறுனவங்களுக்காக அமெரிக்காவுல 2023 ஜனவரியில அனுமதி குடுத்தாங்க. ரிசெப்டரைத் தடுத்து சிதைக்கிற வகை. இதையும் ஃபுல்வெஸ்ட்ரண்ட் ஊசியையும் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க, அம்மாவுக்கு எது பொருந்தும், இங்க எப்படிக் கிடைக்கும், எவ்வளவு வெள்ளி ஆகும்னு. ஒரு தாள்ல எழுதிக்கிட்டுப் போங்க, அம்மாவை வெளிய உக்கார வச்சுட்டு நீங்க மட்டும் அஞ்சு நிமிஷம் கேட்டாலும் தப்பில்ல, அம்மாகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போங்க.

இப்ப கோப்பி. இந்தத் திரியில இருக்குற ரிசல்ட்ட வச்சு குடிக்கலாம்னும் முடிவு பண்ணாதீங்க, விஷம்னும் பயப்படாதீங்க. அது தட்டுல வளந்த செல்லு, கல்லீரல் இல்ல, குடல் இல்ல, அம்மா சாப்பிடுற மத்த மருந்தும் அதுல இல்ல. என் யோசனை, டாக்டர் பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் நிறுத்தி வைங்க. காரணம் செடி மட்டும் இல்ல. பதிவு பண்ணுன பாரம்பரிய மருந்துன்னா பெட்டியில எம்ஏஎல்னு ஆரம்பிச்சு எட்டு நம்பர் வந்து கடைசியில டி (T) எழுத்து இருக்கும், ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும், அந்த நம்பரை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ வெப்சைட்ல போட்டுப் பாக்கலாம். கோப்பிப் பாக்கெட் பெரும்பாலும் சாப்பாட்டுப் பொருளா விக்கிறது, அந்த நம்பரே இருக்காது. நம்ம நாட்டுல கோப்பிப் பாக்கெட்ல சில்டெனஃபில், டடாலஃபில்னு ஆண்மைக் குறைவு மருந்து கலந்து பிடிபட்டிருக்கு, வலிக்கு விக்கிற ஜாமு மூலிகை மருந்துல டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு பிடிபட்டிருக்கு. "குடிச்சதும் தெம்பா இருக்கு, பசி எடுக்குது, வலி போயிருச்சு"ன்னு ஒருத்தர் சொன்னா எனக்கு முதல்ல அந்த ஸ்டீராய்டுதான் ஞாபகம் வரும். பாக்கெட்ட அப்படியே ஆஸ்பத்திரி மருந்தகக் கவுண்டருக்கு எடுத்துட்டுப் போங்க, எங்கள மாதிரி ஆளுங்க பாத்துச் சொல்லுவோம்.

தௌஃபூ, தௌஃபூ ஃபா, சோயா தண்ணி இதெல்லாம் சாப்பாட்டு அளவுல பயப்பட வேண்டாம், அமெரிக்கன் கேன்சர் சொசைட்டியே சோயா உணவு பரவாயில்லன்னுதான் சொல்லுது. மாத்திரையா கெட்டிப்படுத்தி விக்கிற சோயா வேற விஷயம், அதை விட்டுருங்க. சின்னம்மாகிட்ட கோவப்படாதீங்க, பாசத்துலதான குடுக்குறாங்க. காலையில ஒரு மைலோவோ ராகிக் கஞ்சியோ போட்டுக் குடுங்கன்னு சொல்லுங்க.

---

ஜெலுத்தோங்_அண்ணன்:

அக்கா சொன்ன ஸ்டீராய்டு விஷயத்தை மாணவி குறிச்சுக்கணும். உன் கடைப் பவுடரை ஈஸ்ட்ரஜன் ரிசெப்டர்ல மட்டும் பாக்காம, முடிஞ்சா அந்த ஸ்டீராய்டு ஒட்டுற குளுக்கோகார்ட்டிகாய்டு ரிசெப்டர் ரிப்போர்ட்டர்லயும் ஒரு தட்டு போடு. பவுடர்ச் சாறு அதுல டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஏறுச்சுன்னா அது செடி குடுத்ததா, யாரோ கலந்ததான்னு சந்தேகப்படணும். ஹெர்பேரியம் நம்பர் உள்ள செடியும் கடைப் பவுடரும் ஒரே மாதிரி நடந்துக்கலன்னா அதுவே ஒரு ரிசல்ட்.

இன்னொண்ணு, செமினார்ல கண்டிப்பா ஒருத்தர் கேப்பாரு, "மாறுன ரிசெப்டர்ல ஏன் பாக்கணும், நார்மல்ல பாத்தா போதாதா"ன்னு. இதுக்கு உன்கிட்ட பதில் இருக்கணும், எனக்கு இந்த சப்ஜெக்ட்லயே ரொம்ப பிடிச்ச இடம் இதுதான்.

மினரலோகார்ட்டிகாய்டு ரிசெப்டர்னு ஒண்ணு, உடம்புல உப்பையும் ரத்த அழுத்தத்தையும் பாத்துக்கிறது. 2000ல கெல்லர் குழு ஒரு குடும்பத்தைக் கண்டுபிடிச்சாங்க, அதுல 15 வயசுப் பையனுக்கே பயங்கரமான ரத்த அழுத்தம். அந்த ரிசெப்டர்ல 810ஆவது இடத்துல செரின் போய் லூசின் வந்திருக்கு, அவ்வளவுதான். அந்த ஒரே ஒரு மாற்றத்தால, சாதாரணமா அந்த ரிசெப்டரைத் தடுக்குற புரோஜெஸ்டெரோன் இப்ப அதைத் தூண்டுது. பிள்ளை உண்டான பெண்ணுக்கு புரோஜெஸ்டெரோன் எவ்வளவு ஏறும் யோசிச்சுப் பாரு, அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு கர்ப்ப காலத்துல ரத்த அழுத்தம் எகிறிடுச்சு. அதோட நிக்கல, ரத்த அழுத்தத்துக்குக் குடுக்குற ஸ்பைரோனோலாக்டோன், தடுக்குற மருந்து, அதுவும் இந்த மாறுன ரிசெப்டர்ல தூண்டுற மருந்தாயிருது. நார்மல் ரிசெப்டர்ல மட்டும் ஸ்க்ரீனிங் பண்ணியிருந்தா ஸ்பைரோனோலாக்டோனை "தடுப்பான்"னு எழுதி கோப்பை மூடியிருப்போம், அந்தக் குடும்பத்துக்கு அதுதான் நஞ்சு.

புராஸ்டேட்லயும் இதே. எல்என்கேப்ங்கிற புராஸ்டேட் புற்று செல்லை நிறைய லேப்ல வச்சிருப்பாங்க, அதுல ஆண்ட்ரஜன் (ஆண் ஹார்மோன்) ரிசெப்டர் 877ல த்ரியோனின் போய் அலனின், இப்ப புது எண்ணிக்கைப்படி 878னு எழுதுறாங்க, ரெண்டும் ஒண்ணுதான் குழம்பாத. 1990லயே காட்டிட்டாங்க, அந்தச் செல்லுல ஆண்ட்ரஜனைத் தடுக்கிற ஃப்ளூட்டமைடு தூண்டுது, புரோஜெஸ்டெரோன் தூண்டுது, ஈஸ்ட்ரஜனும் தூண்டுது. அது தெரியாம எல்என்கேப்ல ஒரு மூலிகையைப் போட்டு "ஆண் ஹார்மோன் மாதிரி வேலை செய்யுது"ன்னு எழுதுனா ஏமாந்துருவோம், ஆம்பளைங்களுக்கு விக்கிற துங்காட் அலி மூலிகை பேர்லயும் அப்படி யாராவது போட்டிருந்தா எந்தச் செல்லுன்னு முதல்ல பாக்கணும்.

துண்டாகிப் போன ரிசெப்டரும் இருக்கு. ஏஆர்-வி7ங்கிற துண்டான ஆண்ட்ரஜன் ரிசெப்டர்ல ஹார்மோன் உக்காரும் சட்டியே இல்ல, அதுபாட்டுக்கு ஓடும். 2014ல வந்த ஆய்வுல என்சலூட்டமைடுங்கிற புராஸ்டேட் புற்று மருந்து எடுத்த 31 பேர்ல 12 பேர்கிட்ட அது இருந்துச்சு, அந்தப் 12 பேர்ல ஒருத்தருக்குக் கூட பிஎஸ்ஏ (ரத்தத்துல அளக்குற புராஸ்டேட் புரோட்டீன்) பாதியாக் கூட இறங்கல. சட்டியே இல்லாதப்ப சட்டிக்குள்ள போற மருந்து எங்க போய் உக்காரும்? ஈஸ்ட்ரஜன் ரிசெப்டருக்கும் ஆல்ஃபா 36, ஆல்ஃபா 46, பீட்டா சிஎக்ஸ்னு துண்டு வகை உண்டு.

---

செந்தூல்_செல்காரன்:

ஈஸ்ட்ரஜன் ரிசெப்டர்ல ஆல்ஃபா, பீட்டான்னு ரெண்டு உண்டு, அண்ணன் பீட்டாவைத் தொட்டுட்டு விட்டுட்டாரு, நான் ஒரு வரி. ஆல்ஃபாவை 1986ல குளோன் பண்ணுனாங்க, பத்து வருஷம் அது ஒண்ணுதான்னு நினைச்சாங்க, 1996ல ஸ்வீடன்ல எலி புராஸ்டேட்ல இருந்து பீட்டா வந்துச்சு. ரெண்டோட சட்டிக்கும் உள்ள ரெண்டே ரெண்டு அமினோ அமிலம்தான் வித்தியாசம், ஆல்ஃபால 384ல லூசின், பீட்டால அதே இடத்துல மெத்தியோனின், ஆல்ஃபால 421ல மெத்தியோனின், பீட்டால ஐசோலூசின். இந்தச் சின்ன வித்தியாசத்துக்கே சோயால இருக்குற ஜெனிஸ்டீன் பீட்டாவத்தான் ரொம்ப விரும்பி ஒட்டும். அதனால செடிச் சாறுன்னா ஆல்ஃபா மட்டும் பாத்துட்டு நிறுத்துறது பாதி வேலை. பீட்டாவைத் தூண்ட டிபிஎன், ஆல்ஃபாவைத் தூண்ட பிபிடின்னு கெமிக்கல் இருக்கு, ரெண்டையும் கன்ட்ரோலா வை.

அப்புறம் ஈஸ்ட்ரஜன் ரிலேட்டட் ரிசெப்டர்னு மூணு உண்டு, பேர்லதான் ஈஸ்ட்ரஜன், ஈஸ்ட்ரடயோல் அதுல ஒட்டவே ஒட்டாது. ஆனா அதுல காமா வகையில பிஸ்ஃபீனால் ஏ நல்லா இறுக்கமா ஒட்டும்னு 2006ல ஜப்பான்ல காட்டுனாங்க. உன் பிளாஸ்டிக் குழாய் கதைக்கு இதுவும் சேரும். மனுஷனுக்கு இந்த மாதிரி ஜீனை ஓட்டுற நியூக்ளியர் ரிசெப்டர் மொத்தம் 48, ஒரு சாறு எதுல போய் உக்காருதுன்னு ஒரே தட்டு சொல்லாது. அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பு ஈபிஏ 2015ல 1812 கெமிக்கல் பாத்தப்ப ஈஸ்ட்ரஜன் ரிசெப்டர் ஒண்ணுக்கே 18 விதமான டெஸ்ட் வச்சு சேத்துத்தான் முடிவு சொன்னாங்க.

செல்லையும் ஒரு தடவ எஸ்டிஆர் (டிஎன்ஏ அடையாள டெஸ்ட்) பாத்துரு. ஓஇசிடிங்கிற சர்வதேச அமைப்போட டெஸ்ட் வழிகாட்டியிலயே இருந்த பிஜி1 செல் கர்ப்பப்பைக்குப் பக்கத்துல இருக்குற சினைப்பை செல்லுன்னு வருஷக்கணக்கா நம்புனாங்க, டிஎன்ஏ பாத்தா எம்சிஎஃப்-7 வம்சம், இப்ப விஎம்7னு பேரையே மாத்திட்டாங்க.

---

பட்டர்வொர்த்_மகன்:

அக்கா, நேத்து பாக்கெட்ட எடுத்துட்டுப் போனேன். எம்ஏஎல் நம்பர் இல்ல. கவுண்டர்ல இருந்த பொண்ணு பொறுமையா அரை மணி நேரம் பேசுனாங்க. நிறுத்தியாச்சு. சின்னம்மா முதல்ல முகத்தைத் தூக்கிக்கிட்டாங்க, அப்புறம் அவங்களே இன்னிக்கு காலையில ராகிக் கஞ்சி காச்சி தூக்குச்சட்டியில எடுத்துட்டு வந்தாங்க. அடுத்த புதன் டாக்டர் அப்பாயிண்ட்மென்ட், நீங்க சொன்ன மாதிரி தாள்ல எழுதி வச்சிருக்கேன், எலாசெஸ்ட்ரண்ட் பேரை எழுத்துக்கூட்டி எழுதியிருக்கேன். வம்சமா வராதுன்னு தங்கச்சிகிட்ட சொன்னப்ப அவ அழுதுட்டா, மூணு மாசமா அதை வெளிய சொல்லாம வச்சிருந்திருக்கா.

---

சுங்கைடுவா_மாணவி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பட்டர்வொர்த் அண்ணே, நீங்க எழுதுனதப் படிச்சதுக்கப்புறம் நான் பிளேட்டப் பாக்குற விதமே மாறிருச்சு, ஒய்537எஸ்னு டியூப் மேல எழுதும்போது கை கொஞ்சம் நிக்குது. அம்மா நல்லா இருக்கணும்.

ரிசல்ட் சொல்றேன். ஃபுல்வெஸ்ட்ரண்ட் ஜோடிக் குழி வச்சேன். 1, 5, 10ல வெளிச்சம் சுத்தமா இறங்கிருச்சு, அதாவது ரிசெப்டர் வழியாத்தான் வந்திருக்கு. 50ல இறங்கவே இல்ல. ரிசெப்டர் இல்லாத ஹெக் செல்லுலயும் 50 மட்டும் ஏறுது. அண்ணன் சொன்ன மாதிரியே அந்தக் குபீர் லூசிஃபெரேஸ் வேலை, ரிசெப்டர் வேலை இல்ல.

அதைவிடப் பெரிய அடி, வெறும் எத்தனாலை அதே பிளாஸ்டிக் குழாயில ராத்திரி வச்சு, காய வச்சு, டிஎம்எஸ்ஓல கரைச்சுப் போட்டேன். 10 மைக்ரோகிராம் சாறு குடுத்த வெளிச்சத்துல மூணுல ஒரு பங்கு அதுவே குடுக்குது, ஃபுல்வெஸ்ட்ரண்ட் போட்டா போயிருது. கண்ணாடிக் குழாயில வச்ச எத்தனால் டிஎம்எஸ்ஓ மாதிரியே சும்மா இருக்கு. அப்ப என் பழைய கிராஃப்ல எவ்வளவு செடி, எவ்வளவு குழாய்னு பிரிக்கவே முடியாது.

ஒய்537எஸ் தட்டுல ஃபுல்வெஸ்ட்ரண்ட் 1 மைக்ரோமோலார்ல வெளிச்சம் நல்லா இறங்குச்சு, சாறு எந்த டோஸ்லயும் இறக்கல. தட்டு அணைக்கிறதக் காட்டத் தெரிஞ்ச தட்டுதான், அதனால அந்த ஒரு வரிய மட்டும் இப்போதைக்கு தைரியமா எழுதலாம்னு நினைக்கிறேன், அதுவும் கண்ணாடியில மறுபடி பண்ணி மூணு தடவ ஒரே மாதிரி வந்தாத்தான். சூப்பர்வைசர்கிட்ட எல்லாத்தையும் காட்டிட்டேன், பழைய கிராஃப செமினார்ல போட வேண்டாம், குழாய் ரிசல்ட்டப் போடுன்னு சொன்னாங்க.

அண்ணே ஒரே ஒரு சந்தேகம், கண்ணாடிக் குழாய் கழுவுற சோப்புலயும் நோனைல்ஃபீனால் வகை இருக்க வாய்ப்பிருக்கா? எங்க லேப் சோப்பு எதுன்னு யாருக்கும் தெரியல, டப்பாவுல பேரே இல்ல.

---

ஜெலுத்தோங்_அண்ணன்:

நல்ல சந்தேகம். நோனைல்ஃபீனால் எதாக்ஸிலேட் போட்ட சோப்பு உண்டு, பேர் இல்லாத டப்பாவ நம்பாத. வெறும் எத்தனாலால மூணு தடவ அலசி, ஃபர்னஸ் இருந்தா 450 டிகிரியில நாலு மணி நேரம் சுட்டு எடு, அளவு போட்ட கண்ணாடிய மட்டும் சுடாத, அளவு மாறிரும். மூடிக்கு உள்ள டெஃப்லான் பூச்சு இருக்குதான்னு பாரு, ரப்பர் மூடி வேண்டாம். கழுவுன குழாய்ல ஒண்ண எடுத்து வெறும் எத்தனால் கன்ட்ரோல் ஒவ்வொரு தடவையும் வை, ஒரு தடவ கூட விடாத. கடைப் பவுடர் குளுக்கோகார்ட்டிகாய்டு தட்டுல என்ன காட்டுச்சுன்னு வந்து எழுது, நான் காத்துக்கிட்டு இருப்பேன்.